ஒரு ரயில் பாலத்தின் மீது நடந்த விமானத் தாக்குதலை ஆவணங்களிலிருந்து மீட்டெழுதும் முறை

இரண்டாம் உலகப் போரில் ஒரு குண்டுவீச்சு விமானக் குழு ஒரே நாளில் நடத்திய தாக்குதலை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் விமானத்திலிருந்தே தொடங்குகிறார்கள். எந்த ரக விமானம், எத்தனை இயந்திரத் துப்பாக்கிகள், யார் ஓட்டினார்கள் என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் "இலக்கு தாக்கப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த இலக்கு ரயில் பாலமாகவோ யார்டாகவோ (ரயில்களைப் பிரித்துக் கோக்கும் தண்டவாள வளாகம்) இருந்தால், அது எந்த ஊரை எந்த ஊரோடு இணைத்தது, அன்றைக்கு அதன் வழியாக எது போய்க்கொண்டிருந்தது, எத்தனை நாளில் அது மீண்டும் செப்பனிடப்பட்டது என்பவை தெரியாமல் அந்தத் தாக்குதலைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. ஆகவே தண்டவாளத்திலிருந்து தொடங்கி வானத்துக்குப் போகும் ஒரு முறையை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக, அமெரிக்க ஒன்பதாவது விமானப் படையைச் சேர்ந்த 416ஆவது இலகுரகக் குண்டுவீச்சுக் குழு 1944 ஆகஸ்டு 6 அன்று பிரான்சின் உவாசெல் ரயில் பாலத்தைத் தாக்கிய நிகழ்வை எடுத்துக்கொள்வோம்.

முதலில் வரைபடத்தை விரியுங்கள். பாரிஸிலிருந்து ரூவான் நகருக்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து ஓடும் சென் ஆற்றைப் பல இடங்களில் கடக்கிறது. உவாசெல் பாலம் அப்படியொரு கடவை. அதைத் தாண்டினால் ரூவானை ஒட்டிய சோட்வில் என்ற பெரிய யார்டு வரும். இந்த இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்த்தால்தான், பாலத்தை அறுப்பதும் யார்டை அடிப்பதும் ஏன் வெவ்வேறு வேலைகள் என்பது புரியும். யார்டில் விழும் குண்டுகள் வேகன்களையும் எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட்டையும் தடம் மாற்றும் பாயிண்டுகளையும் நாசமாக்கினாலும், குழிகளை மூடி ஒரே ஒரு நேர்பாதையை ஓரிரு நாளில் போட்டுவிட முடியும். விழுந்த பாலத்தை அப்படி எளிதில் தூக்கி நிறுத்த முடியாது. 1944இன் தொடக்கத்தில் நேச நாடுகளின் தலைமைக்குள் இதைப் பற்றிக் கடுமையான விவாதம் நடந்தது. யார்டுகளையும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் தொடர்ந்து அடித்து, ரயில்வே முழுவதையுமே நலிய வைக்க வேண்டும் என்று விஞ்ஞானி சோலி ஸுக்கர்மன் வாதிட்டார். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் துணைத் தளபதி டெடர் அவருக்கு ஆதரவாக நின்றார். பாலங்களை அடிப்பதே சிக்கனம் என்றது மறுதரப்பு. மே 7 அன்று வெர்னோன் பாலத்தைத் தண்டர்போல்ட் போர் விமானங்கள் சில வீழ்த்திக் காட்டிய பிறகு மறுதரப்பின் கை ஓங்கியது. நார்மண்டியில் படைகள் இறங்கிய ஜூன் 6க்குள், பாரிஸுக்குக் கீழே கடல் வரை சென் ஆற்றின் மேலிருந்த ரயில் பாலங்கள் எல்லாமே பயன்படாமல் ஆக்கப்பட்டிருந்தன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஜூனிலேயே பாதை அறுந்திருந்தால் ஆகஸ்டு 6 அன்று உவாசெல் பாலத்துக்கு மீண்டும் ஏன் போனார்கள்? இப்படிப்பட்ட கேள்வி எழும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, தாக்குதலுக்கு முந்தைய வாரங்களின் உளவுப் படங்களையும் அவற்றின் விளக்கக் குறிப்புகளையும் தேடுங்கள். எதிரி பாலத்தை எந்த அளவுக்குச் செப்பனிட்டிருந்தான் என்பதை அந்தக் குறிப்புகளில்தான் பார்க்க முடியும். ரயில் இலக்கு எதுவானாலும், ஒரே பெயர் நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வந்தால் இடையில் யாரோ இரவும் பகலும் அதைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த உழைப்பு விமானக் குழுவின் ஆவணத்தில் ஒருபோதும் நேரடியாகத் தெரியாது.

அடுத்து, அந்த நாளில் போர்முனை எங்கே இருந்தது என்பதைத் தேதிவாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்டு 6 முதல் 9 வரை செய்த தாக்குதல்களுக்காக 416ஆவது குழு சிறப்புப் பாராட்டுப் பெற்றது. பிற்காலத்து அதிகாரபூர்வச் சுருக்க வரலாறு, ஃபலேஸ் இடைவெளி (ஜெர்மானியர்களைச் சூழ்ந்த நேச நாட்டு வளையத்தில் மூடாமல் எஞ்சியிருந்த வாய்) வழியாக எதிரி பின்வாங்குவதைக் குலைக்கவே அந்தத் தாக்குதல்கள் நடந்ததாகச் சொல்கிறது. ஆனால் ஆகஸ்டு 6 அன்று ஃபலேஸ் இடைவெளி என்ற ஒன்று இல்லை. ஜெர்மானியர்கள் அன்றிரவுதான் மேற்கு நோக்கி மோர்டேனில் எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார்கள். அந்த வளையம் இறுகியது மாத நடுவில், மூடியது ஆகஸ்டு 21 அளவில். எனவே முதல் நாளின் பாலம் பின்வாங்கும் வழியைவிடப் போர்முனைக்கு ஆளும் தளவாடமும் வரும் வழியாகவே அதிகம் பொருள்பட்டிருக்க வேண்டும் என்பது என் முடிவு. பாராட்டுப் பத்திரமும் சுருக்க வரலாறும் விளைவு தெரிந்த பிறகு எழுதப்படுபவை. அன்று காலையில் அதிகாரிகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கு அன்றைய கள ஆணையை (தாக்குதலுக்கு முன் மேலிடம் குழுவுக்கு அனுப்பிய உத்தரவு) மட்டுமே சான்றாகக் கொள்ளுங்கள்.

இப்போது குழுவின் தாள்களுக்கு வரலாம். அமெரிக்க விமானப் படை அலகுகளின் மாதாந்திர வரலாறுகளும் பறப்பு அறிக்கைகளும் அலபாமாவிலுள்ள மேக்ஸ்வெல் தளத்தின் வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் நுண்படச் சுருள்களாக இருக்கின்றன. 416ஆவது குழுவில் 668 முதல் 671 வரை எண்ணிட்ட நான்கு ஸ்குவாட்ரன்கள் இருந்தன. அது இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் வெதர்ஸ்ஃபீல்டு தளத்திலிருந்து 1944 மார்ச்சில் போரில் இறங்கியது. செப்டம்பரில் பிரான்சின் மெலான் அருகேயுள்ள தளத்துக்கு மாறியது. நவம்பரில் அதுவரை ஓட்டிய ஏ-20 என்ற இலகுரகக் குண்டுவீச்சு விமானத்தை விட்டு ஏ-26 விமானத்துக்கு வந்தது. இந்த மாற்றத் தேதிகளை முதலிலேயே குறித்துக்கொண்டால், ஆகஸ்டு மாதத்துத் தாக்குதலுக்கு ஏ-26 விமானத்தின் படத்தைப் போடும் பிழை நேராது.

ஏ-20 விமானத்தின் அமைப்பை அறியாமல் அதன் அறிக்கையைப் படிக்க முடியாது. பெரும்பாலான ஏ-20ஜி விமானங்களின் மூக்குப் பகுதி கண்ணாடியின்றி மூடப்பட்டு, அதில் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு விமானியும் இரண்டு துப்பாக்கி வீரர்களுமே இருந்தார்கள். கண்ணாடி மூக்குள்ள ஏ-20ஜே விமானத்தில்தான் நார்டன் குறிபார்க்கும் கருவியோடு குண்டு வீசுபவர் இருந்தார். அந்த விமானமே தலைமை ஏற்கும். அது குண்டுகளை விடும் கணத்தில் பின்தொடரும் விமானங்களும் விடும். ஆகவே ஆறு விமானங்கள் கொண்ட ஓர் அணியின் குண்டுகள் எங்கே விழுந்தன என்பது ஒரே ஒருவரின் கணக்கைப் பொறுத்தது. அந்த அணிகள் மூன்று சேர்ந்தால் 18 விமானங்கள் கொண்ட ஒரு பெட்டி வரிசை. பின்தொடர்ந்த விமானி ஒருவர் "பாலத்தைத் தகர்த்தார்" என்று எழுதுவது இந்தக் காரணத்தால் தவறு. அணியின் பெயரால்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ஏ-20 விமானத்தில் துணை விமானி கிடையாது. விமானி இருக்கும் இடத்துக்குப் பின்னாலுள்ள வீரர்கள் போய்ச் சேரவும் முடியாது. பீரங்கிச் சிதறல் ஒன்று விமானியைத் தாக்கினால், நலமாக இருக்கும் மற்ற இருவரும் குதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுமார் 10,000 முதல் 12,000 அடி உயரத்தில், குறிபார்ப்பதற்காகச் சில நிமிடங்கள் திசையும் உயரமும் மாறாமல் நேராகப் பறக்க வேண்டியிருந்த அந்தக் கடைசி ஓட்டத்தில் கீழே ஜெர்மானியரின் 88 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் காத்திருந்தன. அறிக்கையில் "பீரங்கி எதிர்ப்பு: கடுமை, துல்லியம்" என்று இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கும். கடுமை என்பது சுடப்பட்ட பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கையையும் துல்லியம் என்பது விமானங்களின் உயரத்தையும் திசையையும் பீரங்கி வீரர்கள் கணித்த திறத்தையும் குறிக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதக் கூடாது.

ஏற்றப் பட்டியல், பறந்தவர்களின் வரிசைப் படம், திரும்பி வந்தவர்களிடம் கேட்ட விசாரணைத் தாள், குழுவின் செயல்பாட்டு அறிக்கை ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எண்கள் ஒத்துவருகின்றனவா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ஒரு ஏ-20 விமானத்தின் வயிற்றில் வழக்கமான சுமை 500 பவுண்டு குண்டுகள் நான்கு. அந்தக் கணக்குப்படி 18 விமானங்களுக்கு 72 குண்டுகள். வீசப்பட்டதாக எழுதிய எண் இதைவிடக் குறைந்தால், பாதியில் திரும்பிய விமானமோ சிக்கிக்கொண்ட குண்டோ கடலில் போடப்பட்ட குண்டோ இருக்க வேண்டும். ராடாரைக் குழப்ப உலோகத் தாள் கீற்றுகளைத் தூவிச் சென்ற விமானங்களும் வரிசைப் படத்தில் வரக்கூடும். அவற்றையும் குண்டுவீசியவையாக எண்ணிவிடாதீர்கள்.

நேரமும் இடமும் பலரை வழிதவறச் செய்கின்றன. நேரத்துக்குப் பின்னால் "பி" என்ற எழுத்து இருந்தால் அது கிரீன்விச் நேரத்தைவிட இரண்டு மணி முன்னே உள்ளது. அந்தக் கோடையில் இங்கிலாந்து இரட்டைக் கோடை நேரத்தில் இயங்கியது. ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்ஸ் பெர்லின் நேரத்தைப் பின்பற்றியதால் ஆகஸ்டில் இரண்டும் ஒத்துப்போகின்றன. மற்ற மாதங்களில் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடாமல் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். இலக்கின் வரைபடக் குறிகளை இன்றைய கைப்பேசி வரைபடத்தில் அப்படியே இடக் கூடாது. வட பிரான்சுக்கு அன்று வழங்கியது "நார் த கேர்" என்ற தனிக் கட்ட முறை. அதை மாற்றித் தரும் கணிப்பான்கள் இணையத்தில் உள்ளன.

விளைவை மதிப்பிடும் சொற்களில்தான் மிகுந்த கவனம் தேவை. ஒவ்வோர் அணிக்கும் "மிக நன்று", "நன்று", "சுமார்", "மோசம்" என்ற வகையில் தரம் போட்டார்கள். குறிவைத்த புள்ளிக்கு எவ்வளவு அருகில் குண்டுகள் விழுந்தன என்பதற்கான தரம் அது. பாலம் விழுந்ததா, ரயில் நின்றதா என்பதற்கு அது பதிலாகாது. மிக நன்று என்ற தரம் பெற்ற அணியின் குண்டுகள் பாலத்தின் இருபுறமும் நீரில் விழுந்து பாலம் நிற்கலாம். மோசம் என்று எழுதப்பட்ட அணியின் ஒரே ஒரு குண்டு கரைத் தூணைப் பெயர்த்திருக்கலாம். குண்டு விழும்போதே எடுத்த படங்களில் புகையும் நீர்த்தூண்களும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மறுநாளோ அதற்குப் பின்னரோ எடுத்த உளவுப் படம் கிடைக்கும் வரை "பாலம் அறுந்தது" என்று எழுதாதிருப்பதே நேர்மை.

திரும்பாத விமானங்களுக்கு, காணாமல் போன விமானக் குழுவினர் பற்றிய அறிக்கை என்ற தனித் தாள் உண்டு. விமானத்தின் வரிசை எண், எஞ்சின் எண்கள், துப்பாக்கி எண்கள், கடைசியாகக் கண்ட இடம், பக்கத்து விமானத்தில் இருந்தவர்களின் சாட்சியம் ஆகியவை அதில் இருக்கும். சாட்சியங்கள் முரண்படும். ஒருவர் இரண்டு பாராசூட்டுகளைக் கண்டிருப்பார், இன்னொருவர் ஒன்றுமே காணவில்லை என்பார். நொடிகளுக்குள் பார்த்தவற்றைச் சில மணி நேரம் கழித்துச் சொன்ன அந்த மனிதர்களில் யாரையும் பொய்யராக்காமல், எல்லாரும் சொன்னதையும் அப்படியே எழுதுங்கள். இறந்தவர்களின் பெயரை எழுதும்போது பிறந்த ஊர், புதைக்கப்பட்ட இடம் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே எழுத வேண்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தரையில் இருந்தவர்களைத் தேடாமல் இந்த வேலை பாதிதான். ரூவான் நகரம் இதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. ஏப்ரல் 18-19 இரவில் சோட்வில் யார்டைக் குறிவைத்து பிரிட்டிஷ் விமானங்கள் வீசிய குண்டுகள் நகரின் மீதும் விழுந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. மே 30 முதல் ஜூன் 5 வரை பாலங்களைக் குறிவைத்து அமெரிக்க விமானங்கள் தாக்கிய நாட்களை அந்நகர மக்கள் "சிவப்பு வாரம்" என்றே அழைக்கிறார்கள். அப்போது பேராலயத்தின் வடக்குக் கோபுரம் எரிந்து அதன் மணிகள் உருகின. இவற்றைத் தேட மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது, இன்று சென்-மாரிதிம் எனப்படும் மாவட்டம் 1955 வரை சென்-ஆன்ஃபெரியர் என்று வழங்கியதை நினைவில் கொள்ளுங்கள். அக்கால உள்ளூர் நாளிதழ்கள் ஜெர்மானியத் தணிக்கையின் கீழ் வந்தவை; இறந்தவர்களின் அறிவிப்புகளை நம்பலாம், தலையங்கங்களை நம்ப வேண்டாம்.

நம் வாசகர்களில் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் குடும்பத்தினர் இருப்பார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி அருகிலிருந்த பாலங்களை 1944, 1945இல் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் தாக்கின. அந்தப் பாதையோரத்து முகாம்களில் இருந்தவர்களைப் பற்றி எழுத விரும்புவோருக்கும் இதே முறை பயன்படும். விமானக் குழுவின் அறிக்கையையும் தரையில் இருந்தவர்களின் நினைவையும் ஒரே தேதியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகத் தேட வேண்டியது, அந்தப் பாலத்தின் மீது அடுத்த ரயில் எப்போது ஓடியது என்பது. கனடியப் படைகள் ஆகஸ்டு 30 அன்று ரூவானுக்குள் நுழைந்தன. அன்றிலிருந்து அதே பாதை நேச நாட்டுப் படைகளுக்கே தேவைப்பட்டது. தங்கள் விமானங்கள் உடைத்தவற்றை அவர்களுடைய பொறியாளர்களே பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்களோடு சேர்ந்து கட்ட வேண்டியதாயிற்று. இதற்கான தாள்கள் ராணுவப் பொறியாளர் பிரிவுகளின் கோப்புகளிலும், லெ மான் நகரிலுள்ள பிரெஞ்சு ரயில்வே வரலாற்றுக் காப்பகத்திலும் தேடத் தக்கவை. பிரான்சின் தேசியப் புவியியல் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் பழைய வான்படங்களில் போருக்குப் பிந்தைய ஆண்டுகளின் படத்தை எடுத்து, பாலத்தின் இரு கரைகளிலும் பெரிதாக்கிப் பாருங்கள். வயல்களில் வட்ட வட்டமாகத் தெரியும் குழிகளை எண்ணி, குழுவின் குண்டு விழுந்த வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அதே பாலத்தைப் பல அலகுகள் பல நாட்களில் தாக்கியிருப்பதால் எல்லாக் குழிகளும் ஒரே நாளுடையவை அல்ல. எவற்றை எந்த நாளுக்கு உரியவை என்று பிரிக்க முடிகிறதோ அவற்றை மட்டும் உங்கள் கட்டுரையில் சேருங்கள்.