காரின் மாற்றுச் சாவி: செலவை ஏற்றிவிடும் தவறுகள்

காருக்கு மாற்றுச் சாவி செய்ய என்ன ஆகும் என்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விசாரித்தால், விலையைச் சொல்வதற்கு முன் கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: "கையில ஒரு சாவி உண்டா?" உண்டு என்றால் வேலை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடக்கூடும். இல்லை என்றால் அதே வண்டிக்கு, அதே சாவிக்கு, இரண்டு மூன்று மடங்கு கொடுக்க நேரலாம்.

பழைய மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளின் சாவி வெறும் உலோகத் துண்டு; பல்லை வெட்டினால் வேலை முடிந்தது, செலவும் நூறு இருநூறு ரூபாய்தான். பின்னாளில் வந்த பெரும்பாலான கார்களின் சாவித் தலைக்குள் இம்மொபிலைசர் (வேறு சாவியால் எஞ்சினை இயக்கவிடாத பாதுகாப்பு) சிப் ஒன்று இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், தொடாமலே அந்தச் சிப்புக்குச் சக்தி கொடுத்து அதன் குறியீட்டைப் படிக்கிறது. வண்டியில் ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பதோடு அது பொருந்தினால்தான் எஞ்சின் தொடர்ந்து ஓடும். இந்தச் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான்களுக்குத்தான் பேட்டரி வேண்டும். இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொண்டு, ரிமோட் மங்கியதுமே சாவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிய சாவிக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பட்டன் பேட்டரியை மாற்றிப் பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வருவதே முறை.

தம் சாவியில் சிப் உண்டா என்று தெரியாதவர்கள், சமையலறை அலுமினியத் தாளைச் சாவித் தலையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். எஞ்சின் பிடிக்காமல், அல்லது பிடித்த வேகத்தில் நின்றுபோய், டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுங்கினால் சிப் இருக்கிறது என்று பொருள். தாளைப் பிரித்துவிட்டால் வண்டி வழக்கம்போல் ஓடும்.

விலை மாடலுக்கு மாடல் மாறும். ஒரு மதிப்புக்குச் சொல்வதானால், சிப் மட்டும் உள்ள சாவிக்கு வெளிக்கடையில் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ரூபாய் வரையும், ரிமோட்டோடு கூடிய மடக்குச் சாவிக்கு 3,000 முதல் 7,000 வரையும் கேட்பார்கள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டிகளின் ஸ்மார்ட் கீ 7,000-இல் தொடங்கி 15,000-ஐயும் தாண்டும். ஜெர்மன் சொகுசு கார் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கு வேறு.

இருப்பது ஒரே சாவி என்று தெரிந்தும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காலம் கடத்துவதுதான் செலவை ஏற்றும் தவறுகளில் மிகப் பெரியது. ஒரு சாவியாவது இருந்தால், அதைப் பார்த்துப் பல் வெட்டலாம், அதன் சிப்பைப் படிக்கலாம், வண்டியும் தானாக ஓடிக் கடைக்கு வந்து சேரும். ஒன்றுமே இல்லாதபோது வண்டியை ரெக்கவரி வாகனத்தில் ஏற்ற வேண்டும். இம்மொபிலைசரின் ரகசிய எண்ணைப் பெற வேண்டும். சில மாடல்களில் வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றித்தான் வேலை செய்ய முடியும், இன்னும் சிலவற்றில் பூட்டுகளையெல்லாம் ஒரு செட்டாக மாற்றச் சொல்வார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சாவி இல்லாமல் போவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது: விடுமுறை முடிந்து விமானம் ஏறியவரின் பையில் கார் சாவியும் சேர்ந்து போய்விடும். இன்னொரு சாவி வீட்டில் இல்லையென்றால், அடுத்து ஊருக்கு வருபவர் யார் என்று குடும்பமே விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மடக்குச் சாவியின் கூடு உடைந்து, முந்நூறு நானூறு ரூபாய்க்குப் புதிய கூடு வாங்கி மாற்றும்போது நேரும் தவறு வேறு வகை. பச்சை நிறச் சர்க்யூட் பலகையை எடுத்துப் புதிய கூட்டில் பொருத்தி, பழையதைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். பல சாவிகளில் சிப் அந்தப் பலகையில் இருப்பதில்லை. கூட்டின் ஓரத்தில் தனியாக ஒரு சிறு குழி வெட்டி, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழலாகவோ அதை ஒட்டி வைத்திருப்பார்கள். புதிய கூட்டில் கதவு அழகாகத் திறக்கும்; வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. குப்பை வண்டி அதற்குள் வந்து போயிருந்தால், கூடு மாற்றியவர் சாவியே மாற்ற வேண்டியதாகிவிடும். கூட்டைப் பிரித்ததும், உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் எதையும் விடாமல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டே எறிய வேண்டும்.

கடைக்காரர் செய்துகொடுப்பது நகலா, புதிய பதிவா என்று கேட்காமல் விடுவதும் பிறகு இடர் தரும். இருக்கும் சிப்பின் குறியீட்டை அப்படியே வேறொரு சிப்பில் ஏற்றுவது நகல். வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான். புதிய சாவியை வண்டியின் நினைவில் தனியாகச் சேர்ப்பது பதிவு. கூடுதலாக ஒரு சாவி வேண்டும் என்பதோடு தேவை முடிந்தால் நகலே போதும், செலவும் குறையும். சாவி திருட்டுப் போயிருந்தாலோ, வீட்டு முகவரி தெரிந்தவர் கையில் சிக்கியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ நகல் பயன்படாது. தொலைந்த சாவியின் பதிவை நீக்கிவிட்டு, இருப்பவற்றை மறுபடி பதிய வேண்டும். அப்படிச் செய்தாலும் அந்தச் சாவியின் உலோகப் பல் கதவைத் திறக்கும், எஞ்சினை மட்டுமே இயக்க முடியாது என்பதை நினைவில் வைத்து, வண்டிக்குள் விலையுயர்ந்த பொருள்களை விட்டுவைக்காதிருப்பது நல்லது. பதியும்போது கையில் இல்லாத சாவிகளின் பதிவு சில மாடல்களில் அழிந்துவிடும் என்பதால், வீட்டிலுள்ள சாவிகள் எல்லாவற்றையும் கொண்டுசெல்ல வேண்டும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்மார்ட் கீகளை வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றில் பல, ஒரு வண்டியோடு இணைந்தபின் வேறெதையும் ஏற்பதில்லை.

பல மாதம் ஷெட்டில் நின்ற வண்டிக்குச் சாவி பதியும்போது, அதன் 12 வோல்ட் பேட்டரியை முதலில் சார்ஜ் செய்தாக வேண்டும். பதிவின் நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே பாழாகும் வாய்ப்பு உண்டு. திற்பரப்பு அருவியிலோ சொத்தவிளைக் கடற்கரையிலோ ஸ்மார்ட் கீயைச் சட்டைப் பையில் வைத்தபடி தண்ணீரில் இறங்குபவர்கள், அது நனைந்ததும் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். பேட்டரியை உடனே கழற்றி, கடல்நீரானால் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்க உலர்த்திய பின்னரே பேட்டரியை மறுபடி போட வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் பலகையின் செம்பு இழைகளை அரித்துவிடும்.

களியக்காவிளையைத் தாண்டிப் போய்க் கேரளப் பதிவு எண் கொண்ட பழைய கார் வாங்குவோர், தடையில்லாச் சான்றைக் கேட்கும் அக்கறையோடு இரண்டாவது சாவியையும், சாவி எண் பொறித்த சிறு பட்டையையும் கேட்க வேண்டும். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் புதிய சாவியின் விலையைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ளலாம். கார் திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். அப்போது ஒன்று குறைந்தால் விளக்கம் சொல்லி மாளாது. எனவே சாவி தொலைந்ததும் காவல் நிலையத்தில் எழுத்தாகப் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்வது, பாலிசியில் சாவிக்கான கூடுதல் காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேவையான காரியம். ஷோரூமிலும் ஆர்.சி., உரிமையாளரின் அடையாள அட்டை ஆகியவற்றோடு இந்த ரசீதையும் கேட்கக்கூடும். ஆவணம் எதையும் கேட்காமல் சாவி செய்துதரும் கடை, நம் காருக்கு இன்னொருவர் வந்து கேட்டாலும் செய்துதரும் என்பதால் அந்தப் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

ஷோரூமா வெளிக்கடையா என்ற கேள்விக்கு, வாரண்டி முடிந்த, சிப் மட்டும் உள்ள வண்டிக்குத் தெரிந்த கடையே போதும். ஸ்மார்ட் கீக்கும் வாரண்டியில் உள்ள வண்டிக்கும் ஷோரூம்தான் என்பேன். எங்கு போனாலும் சாவியின் விலை, பல் வெட்டும் கூலி, பதியும் கூலி, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரக் கேட்க வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் தொகை பல நேரம் சாவியின் விலை மட்டுமே. வாகன உதிரி பாகங்கள் அனைத்துக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 விழுக்காடுதான். பழைய 28 விழுக்காட்டைப் போட்டிருந்தால் பில்லைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

பணம் கொடுக்குமுன், பழைய சாவியைக் கடை மேசையிலேயே வைத்துவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள். கதவை ரிமோட்டாலும் உலோகப் பல்லாலும் தனித்தனியே திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடமாவது ஓடவிட்டு, டிக்கியையும் திறந்து பார்த்து, அதன்பின் பழைய சாவியும் முன்போல் வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு பில்லை வாங்குங்கள்.