பேட்டர்ன் நாணயம்: காசைக் கரியாக்கும் தவறுகள்

சௌகார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய காசு தேடி அலையும் இளைஞர்கள் வாங்கியதை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எங்கள் தலைமுறை ஏமாந்த அதே இடத்தில் இவர்களும் ஏமாறுகிறார்கள். காந்தம், தராசு எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

புது நாணயம் வெளியிடும் முன், வடிவத்தையோ உலோகத்தையோ சோதிக்கச் சில காசுகள் மட்டும் அடித்துப் பார்ப்பார்கள். அதுதான் பேட்டர்ன்.

காசில் உள்ள ஆண்டை நம்புவது

1835 என்று இருந்தால் 1835இல் அடித்தது என்று அர்த்தமில்லை. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் பழைய அச்சுகளை வைத்திருந்து, சேகரிப்பவர்களுக்காக 20ஆம் நூற்றாண்டிலும் மறுபடி அடித்துக் கொடுத்தன. இதை ரீஸ்ட்ரைக் என்போம். போலி அல்ல, ஆனால் மூலக் காசின் விலை இதற்குக் கிடையாது. விற்பவர் தெரிந்தே அதைச் சொல்லாமல் விடுவது எனக்கு இன்றும் எரிச்சல்.

ராயபுரத்துத் தம்பி ஒருவர் நான்காம் வில்லியம் தலை போட்ட ரூபாய் ஒன்றை, பேட்டர்ன் என்று நம்பி, அம்மாவின் சீட்டுப் பணத்தில் வாங்கி வந்தார். "எடை 11.66 கிராம், கரெக்டா இருக்குண்ணா" என்றார். அதே அச்சு, அதே வெள்ளி. எடை சரியாக இருந்து என்ன பயன்? லென்ஸில் பார்த்தோம். மன்னர் கழுத்தருகே பொடிப்பொடியாகப் புடைப்புகள். அச்சு துருப்பிடித்துக் குழிந்தால், அதில் அடித்த காசில் அந்த இடம் மேடாக வரும். காசே அரித்திருந்தால் பள்ளம் விழும். கிடங்கில் நெடுநாள் கிடந்த அச்சு என்று அந்த மேடு காட்டிக்கொடுத்துவிட்டது. தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம், ஓர் ஆண்டின் முன்பக்கத்தோடு வேறு ஆண்டின் பின்பக்கம் சேர்ந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்; பழைய அச்சுகளை மாற்றிச் சேர்த்து அடித்த ரீஸ்ட்ரைக்காக இருக்கலாம். "எங்க தாத்தா தங்கசாலையில வேலை பார்த்தாரு" என்ற கதைக்கும் மயங்காதீர்கள். தங்கசாலை என்கிற சென்னை நாணயச்சாலையை 1869இலேயே மூடிவிட்டார்கள். வயதுக் கணக்கு உதைக்கிறது.

செம்பு ரூபாய்

ரூபாய் வடிவில் செம்புக் காசு கிடைத்தால், உலோகம் சோதித்த பேட்டர்ன் என்று துள்ளாதீர்கள். அந்தக் காலத்துக் கள்ளக்காசில் செம்பின் மேல் வெள்ளி முலாம் இருக்கும். தேய்ந்தபின் மிஞ்சுவது இதுதான். எழுத்து இடுக்குகளில் வெள்ளி ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

1818 ராமர் காசு

ராமர் உருவமும் 1818 என்ற ஆண்டும் போட்ட இது பேட்டர்ன் அல்ல, புழங்கிய காசும் அல்ல; கோயில் டோக்கன், அதாவது பக்திக்காக வைத்துக்கொள்ளும் வில்லை. அதற்காகச் சாமி உருவம் இருந்தாலே ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை மாகாணத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புவது

கூடாது. நூறாண்டு கடந்த நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்யத் தடை.