மூன்றாம் பாகத்தைப் பற்றிக் கருத்து எழுதுவது எப்படி

இளையோருக்காக மூன்று புத்தகமாக வரும் கதை வரிசைகளில் கடைசிப் புத்தகத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தை முடித்த இரவே எழுதி வெளியிட்டுவிடாதீர்கள். எழுதுங்கள், ஆனால் உங்கள் நோட்டில் மட்டும். சில வாரங்களாகவோ சில வருடங்களாகவோ கூடவே இருந்த ஆட்களைப் பிரிந்த கையோடு எழுதினால் அந்தப் பிரிவுதான் பேசும். அதுவும் முக்கியம்தான். எங்கே அழுகை வந்தது, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, எந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டீர்கள் என்று நான்கு வரி அன்றைக்கே குறித்துவிடுங்கள். நாலு நாள் போனால் இதெல்லாம் மங்கிவிடும்.

வெளியிடுவதற்கு முன் அந்த நாலு நாளில் ஒரு வேலை இருக்கிறது. முதல் புத்தகத்தின் தொடக்கத்தை எடுத்து மறுபடி படியுங்கள். நான் சொல்வதில் மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

எனக்கு இது புரிந்தது லீ பார்டூகோவின் கிரிஷா வரிசையில். முதல் புத்தகம் 2012இல் வந்தது, மூன்றாவதான 'ரூயின் அண்ட் ரைசிங்' 2014இல். கதையை நாயகி அலினாதான் 'நான்', 'நான்' என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். மூன்றாவதின் கடைசிப் பகுதியில் அந்த 'நான்' போய்விடுகிறது. யாரோ தள்ளி நின்று பார்த்துச் சொல்வது போலப் படர்க்கைக்கு மாறிவிடுகிறது. படித்த இரவு எனக்குக் கோபமான கோபம். 'இவ்வளவு தூரம் அவள் மனசுக்குள் உட்கார வைத்துவிட்டு, முடியும்போது வாசலில் நிறுத்திவிட்டாரே' என்று நோட்டில் எழுதினேன். அப்புறம் முதல் புத்தகத்தைத் திறந்தால், தொடக்கமே அதே குரல். ஒரு பையன், ஒரு பெண், படர்க்கையில் ஒரு சின்ன முன்பகுதி. நான் அதை அடியோடு மறந்திருந்தேன். எந்தக் குரலில் தொடங்கினாரோ அதிலேயே கொண்டுவந்து முடித்திருக்கிறார். அந்த முடிவு எனக்கு இன்றும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் 'ஏனோதானோவென்று முடித்துவிட்டார்' என்று அன்றிரவே எழுதியிருந்தால், செய்யாத தப்புக்கு அவரைத் திட்டியிருப்பேன்.

அதிலிருந்து நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். இடப்பக்கம், முதல் புத்தகம் கொடுத்த வாக்கு. வலப்பக்கம், எனக்கு இருந்த ஆசை. சூசன் காலின்ஸின் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் முதல் இரண்டு புத்தகங்களிலும் அரங்கத்துக்குள் நடக்கும் போட்டி உண்டு; 2010இல் வந்த 'மாக்கிங்ஜே'யில் அது போய்ப் போர் வந்துவிடுகிறது. அரங்கம் இல்லையே என்ற என் வருத்தம் வலப்பக்கத்துக்குப் போனது. முதல் புத்தகம் காட்டிய அநியாயத்துக்குப் பதில் கிடைத்ததா என்ற கேள்வி இடப்பக்கத்தில். இரண்டையும் எழுதலாம், தாராளமாக. எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் வாசகரிடம் சொல்லிவிடுங்கள். காதல் முக்கோணம் இருக்கிற கதையென்றால் நீங்கள் யார் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதை மறைத்துக்கொண்டு 'பாத்திரப் படைப்பு சரியில்லை' என்று எழுதுவதில் நேர்மை இல்லை.

எப்படிப் படித்தீர்கள் என்பதற்கும் ஒரு வரி கொடுங்கள். பிலிப் புல்மனின் வரிசையில் மூன்றாவதான 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' 2000இல் வந்தது. அதற்கு முந்தைய பாகம் 1997இல். நடுவில் மூன்று வருடம் காத்திருந்தவர் படித்ததும், மூன்றையும் ஒரே விடுமுறையில் முடித்தவர் படித்ததும் ஒரே புத்தகமாக இருக்க முடியாது.

இனி எழுதுவது. 'கடைசி 50 பக்கம் அவசரம்' என்று நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். படிப்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஒருமுறை அதை அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: 'கோட்டை முற்றுகை மூன்று அத்தியாயம் நடக்கிறது. நாயகியின் தம்பி வீடு திரும்புவது ஒரே பத்தி. முதல் புத்தகத்தில் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியதே அந்தத் தம்பிக்காகத்தான்.' குறை அதேதான், ஆனால் இப்போது படிப்பவரே எடை போட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பார்வை வயதில் சின்னவர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. வேறொரு வரிசையின் கடைசிப் புத்தகத்தை அக்கா மகளும் நானும் ஒரே வாரத்தில் படித்தோம். அவளுக்கு அப்போது 15 வயது. நான் போர், அரியணை என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது ஒன்றுதான்: "கடைசிவரைக்கும் அவ அம்மாகிட்ட பேசவே இல்லையே, சித்தி." திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், ஒரு வார்த்தைகூட இல்லை. இவை அவள் வயதுக்காரர்களுக்காக எழுதப்பட்ட கதைகள். நீங்கள் 40 வயதில் படித்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். முடிந்தால் அந்த வயதில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஸ்பாய்லர், அதாவது படிக்காதவரிடம் கதையைப் போட்டு உடைப்பது, அந்த விஷயத்தில் நான் கறார். மூன்றாம் பாகத்தைப் பற்றி என்ன எழுதினாலும் முதல் இரண்டும் கொஞ்சம் வெளியே வந்துவிடும்; அதை முதல் வரியிலேயே எச்சரித்துவிடுங்கள். யார் பிழைத்தார்கள் என்பதை எங்கேயும் சொல்ல வேண்டாம். 'அந்த மரணத்தில் உடைந்துபோனேன்' என்பதும் சொன்னதற்குச் சமம்தான். முடிவைத் தொடாமலே கனமான குறையைச் சொல்ல முடியும். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' வரிசையில் முதல் இரண்டு புத்தகங்களில் கதை சொல்பவள் ட்ரிஸ் மட்டும். 2013இல் வந்த 'அலீஜியன்ட்'டில் டோபியாஸும் சேர்ந்துகொண்டு இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். அத்தியாயத்தின் தலைப்பில் பெயர் போடாமல் இருந்தால் யார் பேசுகிறார்கள் என்று எனக்குப் பல இடங்களில் பிடிபட்டிருக்காது. இதைச் சொன்னதால் யாருக்கும் கதை கெடவில்லை.

மற்றவர்கள் எழுதியதை உங்களுடையதை முடித்த பிறகு படியுங்கள். இத்தனை நட்சத்திரம் என்ற மதிப்பெண்ணைக் கடைசியில் போட்டால் போதும்.

இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார்: இரண்டாவது புத்தகத்தில் சலித்து அப்படியே வைத்துவிட்டவர். மூன்றாவதை எடுக்கலாமா வேண்டாமா என்று உங்கள் கருத்தைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் அவர்தான். அவருக்கென்று நேராக ஒரு வரி எழுதுங்கள். நான் கடைசியாக எழுதியது: 'இரண்டாவதில் பயணம் நீள்கிறதே என்று விட்டிருந்தால் தைரியமாக எடுங்கள், இதில் எல்லாரும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். நாயகியைப் பிடிக்காமல் விட்டிருந்தால் வேண்டாம், அவள் மாறவில்லை.'