குதிகாலைத் தூக்க எவ்வளவு விசை? உடலின் நெம்புகோல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசியோதெரபி முதலாண்டு மாணவர், உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர், ஜிம்மில் புதிதாகப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர் என்று யாரை எடுத்தாலும், தசையும் மூட்டும் சேர்ந்து உடலை எப்படி அசைக்கின்றன என்ற பாடத்தில் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். தசைகளின் பெயரை மாற்றிச் சொல்வது, முன்கையின் இரு எலும்புகளான ஆர எலும்பையும் அல்னாவையும் குழப்பிக்கொள்வது எல்லாம் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுவோம். கீழே இருப்பவை வருடக்கணக்கில் கூடவே வந்து, கடைசியில் வேறொருவரின் தசைநாணிலோ (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) மூட்டிலோ போய் முடிபவை.

கணக்குகள் எளிதாக இருக்க 1 கிலோவுக்கு 10 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

## தசை தள்ளும் என்று நினைப்பது

தள்ளாது. இழுக்க மட்டுமே அதற்குத் தெரியும்.

## கையில் உள்ள எடைதான் தசைக்கும் எடை என்று நினைப்பது

முழங்கையை 90 டிகிரி மடக்கி 5 கிலோ டம்பெல் பிடித்திருக்கிறீர்கள். மூட்டிலிருந்து டம்பெல் 35 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து சுமார் ஒன்றரை கிலோ. அதன் ஈர்ப்பு மையம் 15 செ.மீ. தூரத்தில். மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் ஆர எலும்பில் ஒட்டும் இடமோ மூட்டிலிருந்து வெறும் 4 செ.மீ.

திருப்புத்திறனை (விசை × மூட்டிலிருந்து தூரம்) கூட்டினால் 50 × 0.35 = 17.5, 15 × 0.15 = 2.25, மொத்தம் 19.75 நியூட்டன் மீட்டர். அதை 0.04 ஆல் வகுத்தால் 494 நியூட்டன். ஐந்து கிலோவைப் பிடிக்க ஐம்பது கிலோவுக்குச் சமமான இழுப்பு. முழங்கையை மடக்கும் மற்ற தசைகளும் இதில் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால் முழுச் சுமையும் பைசெப்ஸ் தலையில் விழாது. ஆனால் யாராவது இழுத்தாக வேண்டும். மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் அழுந்தும் விசை 494-இல் டம்பெல்லும் முன்கையும் சேர்ந்த எடையான 65 போக 429 நியூட்டன். இதைக் கணக்கிடவே பலர் மறந்துவிடுகிறார்கள்.

இத்தாலியரான ஜியோவானி போரெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்ட விஷயம் இது: தசைகள் தூக்கும் எடையைவிடப் பல மடங்கு இழுக்கின்றன. உடலின் குறைபாடு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தசைநாண் 1 செ.மீ. நகர்ந்தால் கை கிட்டத்தட்ட 9 செ.மீ. நகர்கிறது. தசை நார் பலத்தோடு சுருங்கக்கூடிய நீளம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வேகமாகவும் வீச்சாகவும் மாற்றிக் கொடுப்பது ஆதாரத்துக்கும் எடைக்கும் நடுவில் விசை விழும் இந்த மூன்றாம் வகை நெம்புகோல்தான்.

## ஒட்டும் இடத்தின் தூரத்தையே எல்லாக் கோணத்துக்கும் போடுவது

மேலே சொன்ன 4 செ.மீ. முழங்கை 90 டிகிரியில் இருக்கும்போது மட்டும் பொருந்தும். திருப்புத்திறனுக்கு வேண்டியது எலும்பின் மேல் அளக்கும் தூரமல்ல. தசை இழுக்கும் கோட்டுக்கும் மூட்டுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம். மேற்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை 30 டிகிரி மட்டும் மடக்கினால் டம்பெல்லின் செங்குத்துத் தூரம் 17.5 செ.மீ. ஆகப் பாதியாகிறது, மொத்தத் திருப்புத்திறனும் சுமார் 9.9 ஆகக் குறைகிறது. பைசெப்ஸின் தூரமும் இறங்கி இரண்டரை செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. ஆக 395 நியூட்டன் வேண்டும். பழைய 4 செ.மீ.யையே போட்டவருக்கு 247 வரும். சுமை பாதியானால் தசையின் வேலையும் பாதி என்று சொல்லி, கை நீண்ட நிலையில் எடையைக் கூட்டிக் கொடுப்பவர்கள் இங்கேதான் பிசகுகிறார்கள்.

முழங்கால் சில்லும் இதே கணக்கில்தான் வருகிறது. தொடையின் முன்பக்கத் தசையான குவாட்ரிசெப்ஸின் தசைநாணை அது முன்பக்கமாகத் தள்ளி, செங்குத்துத் தூரத்தைக் கூட்டுகிறது. அறுவை சிகிச்சையில் சில்லை எடுத்துவிட்டவர்கள் காலை முழுதாக நீட்டும் கடைசிச் சில டிகிரிகளில் திணறுவது இதனால்தான்.

## குதிகால் உயர்த்துவதை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஆக்குவது

எரிச்சலூட்டுவது இதுதான். பாடப்படங்களில் பாதத்தை வரைவார்கள். விரல் மூட்டுகளுக்கு அடியில் ஆதாரப்புள்ளி, கணுக்காலில் கீழ்நோக்கி உடல் எடை, குதிகாலில் மேல்நோக்கிக் கெண்டைத் தசையின் விசை. பக்கத்திலேயே ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. இரண்டாம் வகை நெம்புகோல், குறைந்த விசையில் அதிக எடை, அவ்வளவுதான் பாடம்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆள் இரண்டு காலிலும் நிற்கிறார். ஒரு காலுக்கு 300 நியூட்டன். விரல் மூட்டிலிருந்து கணுக்கால் 12 செ.மீ., கணுக்காலிலிருந்து குதிகால் தசைநாண் 5 செ.மீ., ஆக மொத்தம் 17. படத்தை நம்பினால் 300 × 12 ÷ 17 = 212 நியூட்டன். உடல் எடையைவிடக் குறைந்த இழுப்பில் உடல் எழுந்துவிடுகிறது. அழகான விடை, முழுக்கத் தப்பு.

தள்ளுவண்டியைத் தூக்குபவர் வண்டிக்கு வெளியே தரையில் நிற்கிறார். கெண்டைத் தசைக்கு அந்த வசதி இல்லை. அதன் கீழ் முனை குதிகாலில், மேல் முனை முழங்காலைச் சுற்றியுள்ள எலும்புகளில். அதாவது எதைத் தூக்க வேண்டுமோ அதே உடலில். வண்டிக்குள்ளேயே ஏறி நின்றுகொண்டு கைப்பிடியை இழுப்பவர் நிலைமைதான். குதிகாலை எவ்வளவு மேலே இழுக்கிறதோ, அவ்வளவு விசையோடு கீழ்க்கால் எலும்பைக் கணுக்காலின் மேல் கீழ்நோக்கி அழுத்துகிறது. படத்தில் கணுக்காலில் போட்ட அம்புக்குறியில் உடல் எடை மட்டும் இருக்கிறது. தசை கொடுக்கும் அழுத்தம் விட்டுப்போயிருக்கிறது.

சரியான வழி சுலபம். பாதத்தை மட்டும் தனியாக வரையுங்கள். அதைத் தொடுபவை மூன்றே: தரை, தசைநாண், கீழ்க்கால் எலும்பு. பாதத்தின் சொந்த எடையை விட்டுவிடலாம். குதிகால் தரையை விட்டு எழும்பும் கணத்தில் தரையின் 300 நியூட்டன் முழுவதும் விரல் மூட்டுகளுக்கு அடியில். கணுக்காலை மையமாக வைத்தால் 300 × 12 = தசைநாண் விசை × 5. விடை 720 நியூட்டன். கணுக்காலில் எலும்பு அழுத்துவது 300 + 720 = 1020.

இப்போது விரல் மூட்டையே மையமாக வைத்துச் சரிபாருங்கள்: 1020 × 12 = 12,240; 720 × 17 = 12,240. இரண்டு மையத்திலும் ஒரே விடை. முதல் வகையா (ஆதாரம் நடுவில்), இரண்டாம் வகையா (எடை நடுவில்) என்று வகுப்பில் நடக்கும் சண்டைக்கு அர்த்தமே இல்லை. எந்தப் புள்ளியை மையமாக வைத்தாலும், விசைகளை விடாமல் எண்ணினால் 720 தான் வரும். 212 வந்தால் ஒரு விசையைத் தொலைத்துவிட்டீர்கள்.

எடை மிஷின் மேல் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தும் சிலர் ஏமாறுவார்கள். நிதானமாக எழுந்து நின்றால் முள் 60 கிலோவிலேயே நிற்கும். மிஷினுக்குத் தெரிவது தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் உள்ள விசை மட்டும். தசைநாணுக்குள் நடப்பது அதற்குத் தெரியாது.

ஒற்றைக் காலில் நின்றால் எல்லாம் இரட்டிக்கும்: தசைநாணில் 1440 நியூட்டன், கணுக்காலில் 2040. உடல் எடையைப் போல முறையே 2.4 மடங்கு, 3.4 மடங்கு. குதிகால் தசைநாண் அறுந்து தைத்தவருக்குப் பயிற்சி கொடுக்கும்போது "சும்மா குதிகாலைத் தூக்குங்க சார், உடம்பு எடைகூட வராது" என்று சொல்பவர் மனதில் இருப்பது அந்த 212 தான். நாற்காலியில் உட்கார்ந்து தூக்குவது, நின்று இரண்டு காலால், பிறகு இரண்டு காலால் ஏறி ஒரு காலால் இறங்குவது, கடைசியில் ஒற்றைக் கால் என்று படிப்படியாகப் போவது ஏன் என்று 720-உம் 1440-உம் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம். உட்கார்ந்த நிலையில் முழங்கால் மேல் வைக்கும் ஒவ்வொரு 10 கிலோவும் தசைநாணில் 240 நியூட்டனைக் கூட்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும்.

## இறக்கும்போது எதிர்த்தசை வேலை செய்கிறது என்பது

டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்கும்போது முழங்கை நீள்கிறது, ஆகவே ட்ரைசெப்ஸ் வேலை செய்கிறது என்று எழுதுவார்கள். மறு கையை மேற்கையின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள், தொளதொளவென்று இருக்கும். முன்பக்கம் பைசெப்ஸ்தான் இறுகியிருக்கும். கையை நீட்டுவது புவியீர்ப்பு. பைசெப்ஸ் இழுத்தபடியே நீண்டு அதை நிதானப்படுத்துகிறது. பழக்கமில்லாத பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி பெரும்பாலும் இந்த இறக்கத்தின் கைங்கர்யம்.

மேசையை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்தினால் கதை மாறும். அப்போது ட்ரைசெப்ஸ் இறுகும். எந்தத் தசை என்று மூட்டு போகும் திசையை வைத்து முடிவு செய்யாதீர்கள்; வெளிவிசை மூட்டை எந்தப் பக்கம் திருப்பப் பார்க்கிறது என்பதைப் பாருங்கள்.

## ஒரு தசைக்கு ஒரு மூட்டு என்று கணக்கு வைப்பது

மணிக்கட்டை முழுதாக உள்பக்கம் மடக்கிவிட்டு, கையை இறுக்கி மூடிப் பாருங்கள். விரல்கள் பாதியில் நின்றுவிடும். பிடித்திருக்கும் பேனாவைக்கூட யாரும் உருவிவிடலாம். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. மணிக்கட்டை மடக்கியபோதே அவற்றின் சுருக்கம் பெருமளவு செலவாகிவிட்டது. புறங்கைப் பக்கத் தசைநாண்களும் இழுபட்டு எதிர்க்கின்றன. பிடிவலிமையைச் சோதிக்கும் முன் மணிக்கட்டைச் சற்றுப் பின்பக்கமாக வைக்கச் சொல்ல வேண்டியது இதற்காக.

## மூட்டையை எட்டத்தில் வைத்துத் தூக்கவிடுவது

20 கிலோ மூட்டை, இடுப்புப் பகுதி முள்ளெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி. முதுகுத் தசைக்குக் கிடைப்பது 5 செ.மீ. மூட்டைக்கு மட்டுமே 2000 நியூட்டன். 25 செ.மீ.க்கு இழுத்து அணைத்தால் 1000.

## அலகு

செ.மீ.யையும் மீட்டரையும் ஒரே வரியில் கலந்தால் விடை 100 மடங்கு பிசகும்.