ஒர்க் வால்யூமில் இடம் இருந்தும் ஜாப் விழுகிறதா?

இசட்/ஓஎஸ் (ஐபிஎம் இயங்குதளம்) மெயின்ஃபிரேமில் இரவு பேட்ச் (வரிசையாக ஓடும் ஜாப்கள்) ஓடுகிறது. ஒர்க் வால்யூமில் (தற்காலிக ஃபைல்களுக்கான டிஸ்க்) 4,000 சிலிண்டர் (டிஸ்க் இடத்தின் அளவு) காலி. ஆனாலும் 500 சிலிண்டர் கேட்ட ஜாப், இடம் இல்லை என்று நின்றுவிடுகிறது. காரணம், காலி இடம் துண்டு துண்டாகக் கிடப்பதுதான். பிரைமரி இடத்தை (தொடக்கத்திலேயே ஒதுக்கும் இடம்) ஒரே வால்யூமில் அதிகபட்சம் 5 எக்ஸ்டென்ட்டுக்குள் (தொடர்ச்சியான துண்டுகள்) கொடுத்தாக வேண்டும். இருப்பதில் பெரிய ஐந்து துண்டுகளையும் கூட்டினால் 500 தேறாது என்றால், மீதி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

அதனால் காலி சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐஎஸ்பிஎஃப் (மெயின்ஃபிரேமின் மெனு திரை) 3.4-இல் வால்யூம் பெயரைக் கொடுத்து, 'வி' ஆப்ஷனில் மிகப்பெரிய காலித் துண்டின் அளவையும் துண்டுகளின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

அடுத்து அபெண்ட் கோடு (ஜாப் இடையில் நின்றதன் காரணத்தைச் சொல்லும் குறியீடு). எஸ்டி37 என்றால் ஜேசிஎல்-இல் (ஜாப்புக்கான கட்டளை வரிகள்) செகண்டரி (பிரைமரி தீர்ந்தபின் கூடுதலாக எடுக்கும் இடம்) கொடுக்கவில்லை. டிஸ்க்கைத் தொட வேண்டாம். எஸ்பி37 பெரும்பாலும் வால்யூம் நிரம்பியதாலோ 16 எக்ஸ்டென்ட் தீர்ந்ததாலோ வரும். ஒவ்வொரு செகண்டரியும் ஐந்து துண்டு வரை விழுங்கக்கூடியது என்பதால், உடைந்துபோன வால்யூமில் மூன்றாவது செகண்டரிக்குள்ளேயே 16 முடிந்துவிடும்.

கேட்கும் அளவே தப்பாக இருப்பதும் உண்டு. 80 பைட் ரெக்கார்டுகள் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பிளாக் கட்டாமல் (பல ரெக்கார்டுகளை ஒரே கட்டாகச் சேர்க்காமல்) எழுதினால் 3390 வகை டிஸ்க்கின் டிராக் (சிலிண்டரின் ஒரு பகுதி) ஒன்றில் 78 ரெக்கார்டுதான் அடங்கும்: மொத்தம் 855 சிலிண்டர். பிளாக்சைஸ் 27,920 என்றால் ஒரு டிராக்கில் 698. 96 சிலிண்டர் போதும். பிளாக்சைஸை 0 என்று விட்டால் சிஸ்டமே சரியான அளவைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஸ்பேஸ் வரியில் ஆர்எல்எஸ்இ (பயன்படாத இடத்தைத் திருப்பித் தரும் ஆப்ஷன்) சேருங்கள். பழைய ஜேசிஎல்-இல் கான்டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது பிரைமரி இடம் முழுவதையும் ஒரே துண்டாகக் கேட்கும்.

டெம்ப் பூல் (தற்காலிக ஃபைல்களுக்கான வால்யூம்கள்) பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். ஜாப் முடிந்ததும் டெம்ப் டேட்டாசெட் (தற்காலிக ஃபைல்) போய்விடும், பக்கத்துக் காலி இடங்கள் ஒன்றாகிவிடும். போகாமல் குந்தியிருப்பவைதான் தொல்லை. அவை இரண்டு வகை.

ஒன்று, சிஸ்டம் விழுந்தபோது அநாதையாக நின்றுபோன டெம்ப்கள். 'எஸ்ஒய்எஸ்24123.டி101530' என்று தொடங்கும் பெயரில் 2024-ஆம் ஆண்டின் 123-ஆவது நாள் என்பது அப்படியே தெரியும். அந்த வால்யூமைப் பகிரும் எல்லா சிஸ்டங்களின் கடைசி ஐபிஎல்-க்கும் (சிஸ்டத்தை பூட் செய்வது) முந்தையதாக இருந்தால் மட்டும் அழியுங்கள். நாள் பழையது என்பதற்காக அழித்தால், வாரக்கணக்கில் ஓடும் ஸ்டார்ட்டட் டாஸ்க் (பின்னணியில் தொடர்ந்து ஓடும் புரோகிராம்) ஒன்றின் ஃபைல் போய்விடும்.

இரண்டாவது, வால்யூம் சொல்லாமல் உருவாக்கி கேட்டலாக் (ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பட்டியல்) செய்யப்பட்ட நிரந்தர டேட்டாசெட்கள். வயலின் நடுவே கிடக்கும் பாறை மாதிரி இவை காலி இடத்தைப் பிளக்கும். எஸ்எம்எஸ் (ஸ்டோரேஜைத் தானே நிர்வகிக்கும் வசதி) அல்லாத ஒர்க் வால்யூமை விஏடிஎல்எஸ்டி-யில் (வால்யூம்களின் பயன்பாட்டைக் குறிக்கும் பட்டியல்) ஸ்டோரேஜ் என்று போட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும். பப்ளிக் என்று மாற்றுங்கள். எஸ்எம்எஸ்-இல் ஏசிஎஸ் ரொட்டீனில் (ஃபைல் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் விதிகள்) டெம்ப்களைத் தனி ஸ்டோரேஜ் குரூப்புக்குத் திருப்புங்கள். சிறிய டெம்ப்களை விஐஓ-வுக்கு (டிஸ்க் வால்யூமுக்குப் பதில் மெமரியில் வைக்கும் வசதி) அனுப்பலாம், உச்ச அளவு வைத்து. இல்லாவிட்டால் சுமை பேஜ் டேட்டாசெட்டில் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் ஃபைல்) ஏறும்.

டிஃப்ராக் (துண்டுபட்ட காலி இடத்தை ஒன்றுசேர்ப்பது) கடைசி வழி. முதலில் அந்த வால்யூமுக்குப் புதிய ஒதுக்கீட்டை நிறுத்துங்கள் (எஸ்எம்எஸ்-இல் 'டிசேபிள், நியூ'). ஓடும் ஜாப்கள் முடியும்வரை காத்திருங்கள். டிஃப்ராக் செய்யும் புரோகிராமான ஏடிஆர்டிஎஸ்எஸ்யு-வை 'டைப்ரன்=நோரன்' பாரத்துடன் ஓட்டினால், எதையும் நகர்த்தாமல் ஃப்ராக்மென்டேஷன் இண்டெக்ஸை (இடம் எவ்வளவு துண்டுபட்டிருக்கிறது என்ற எண்) காட்டும்; 1-ஐ நெருங்க நெருங்க நிலைமை மோசம். பிறகு நிஜ ஓட்டம். அந்த நேரம் விடிஓசி (வால்யூமின் உள்ளடக்கப் பட்டியல்) பூட்டப்படுவதால் மற்ற சிஸ்டங்கள் காத்து நிற்கும். பேட்ச் நேரத்தில் வேண்டாம். பாதியில் நின்றுபோனால் அதே வால்யூமில் டிஃப்ராக்கை மறுபடி ஓட்டுங்கள். அது விட்டுச்சென்ற டேட்டாசெட்டைக் கையால் அழிக்காதீர்கள்.

இன்றிரவே ஜாப் ஓடியாக வேண்டும் என்றால், எஸ்எம்எஸ்-இன் டேட்டா கிளாஸில் (ஃபைல் ஒதுக்கீட்டு அமைப்புகளின் தொகுப்பு) ஸ்பேஸ் கன்ஸ்ட்ரெயின்ட் ரிலீஃபை இயக்குங்கள். முதல் முயற்சி தோற்றால் ஐந்து எக்ஸ்டென்ட் வரம்பைத் தளர்த்தி மறுபடி தேடும். குந்தியிருப்பவற்றை மறுநாள் வெளியேற்றிவிடுங்கள்.