மலையில் கலக்கும் கடல் செண்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர்ப் பக்கம் செண்ட் கலக்கக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் பலரும் முதலில் கேட்பது கடல் வாசனையைத்தான். சில்லென்ற கடல் அல்ல. வெயிலில் காய்ந்த மணல், பூக்கள், அவற்றின்மேல் மெல்லிய பவுடர் வாசம் என்று இதமான சூட்டோடு இருக்க வேண்டுமாம். நல்ல ஆசை. ஆனால் நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். பாட்டிலைக் கழுவு, ஸ்பிரிட்டை மூடி வை என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கலோனை ஊற்றுவது

கடற்காற்று என்ற எண்ணத்தைத் தருவது கலோன். ஃபைசர் நிறுவன ஆய்வகத்தில் 1966-ல் கண்டறிந்த செயற்கைப் பொருள். கொஞ்சம் கூடினாலும் கடல் போய் தர்பூசணி வந்துவிடும். 1 சதவீதக் கரைசலாக வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுங்கள். வெயில் சூடு வேண்டுமென்றால் அதற்கு பென்சைல் சாலிசிலேட்டும் இலாங்-இலாங் எண்ணெயும் இருக்கின்றன.

குளிரில் முகர்ந்து அளவை முடிவு செய்வது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கைக்காசைத் தின்பதும் இதுதான். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மார்கழியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து தாளில் தொட்டு முகர்ந்தால் எளிதில் ஆவியாகிற வாசனைகள் மட்டுமே மூக்குக்கு வரும். பவுடர் வாசத்தைத் தாங்குகிற வனிலின், கூமரின், மஸ்க் எல்லாம் கனமானவை, அந்தக் குளிரில் லேசில் எழாது. உடனே "பவுடர் பத்தலை" என்று இன்னும் சேர்ப்பார்கள். அயோனோன் இதைவிட மோசம். வயலெட் பூ வாசனையும் பவுடர் தன்மையும் அதிலிருந்துதான் வருகின்றன, ஆனால் சில தடவை முகர்ந்ததும் மூக்கு அதற்கு மரத்துப்போகும். இல்லை என்று நினைத்து மறுபடியும் ஊற்றுவார்கள்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்தப் பொருள்களின் ஆவியழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. குன்னூரின் 15 டிகிரியில் மிதமாகத் தெரிந்தது கடற்கரை ஊரின் 38 டிகிரியில் எப்படி எழும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கோத்தகிரித் தம்பி ஒருவர் அக்கா கல்யாணத்துக்குத் தாம்பூலப் பையில் போடச் சின்னச் சின்ன பாட்டில்களில் இதைக் கலந்தார். ஊரில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கல்யாணம் தூத்துக்குடியில், சித்திரை மாதம். மண்டபத்தில் நாலு பேர் பூசியதுமே பந்தியில் சாம்பார் வாசனைகூடத் தெரியவில்லை. பெரியவர்கள் தலைவலி என்று எழுந்து வெளியே போனார்கள். அதில் ஐரிஸ் செடியின் கிழங்கிலிருந்து எடுக்கிற ஓரிஸ் வெண்ணெய் வேறு சேர்த்திருந்தார். அந்தக் கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, வருடக்கணக்கில் வைத்திருந்தால்தான் அந்த வாசனையைத் தரும் ஐரோன் உண்டாகும். விலையும் அதற்கேற்ற விலை. அத்தனையும் வீண்.

சரி, என்ன செய்வது? மாதிரியை முழங்கை மடிப்பில் பூசிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறுங்கள். பர்லியார் தாண்டும்போதே காற்று மாறிவிடும். பஸ் ஸ்டாண்டில் நண்பகல் வெயிலில் நின்று முகர்ந்து பாருங்கள், கூட வந்தவரையும் முகரச் சொல்லுங்கள். இறங்க முடியாத நாளில், தொட்ட தாளை ஒரு ஜாடியில் போட்டு மூடி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்திவிட்டு முகரலாம். அதற்கு முன்னால் பவுடர் பக்கம் எதையும் கூட்டாதீர்கள். காலையில் ஓய்ந்த மூக்கோடு முகர்ந்தால் அயோனோன் அங்கேயே இருப்பது தெரியும்.

நீலகிரித் தைலம்

வேண்டாம்.

அம்பர்கிரிஸ் தேடுவது

எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாகிற வாசனைப் பொருள் இது. கடல் என்றதும் இதைக் கேட்காதவர் இல்லை. அந்தத் திமிங்கலம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, அம்பர்கிரிஸை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கிளாரி சேஜ் செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியோலைக் கொண்டு செய்கிற அம்ப்ராக்சன் போதும், அருமையாகவும் இருக்கும்.

சொட்டுக் கணக்கு

0.01 கிராம் காட்டுகிற தராசு வாங்குங்கள்.

கலங்கினதும் சூடாக்குவது

ஓரிஸ் வெண்ணெயில் பெரும்பகுதி மிரிஸ்டிக் அமிலம். குளிரில் அது வெள்ளையாகப் படியும். பெரிய தொழிற்சாலைகள் இயந்திரம் வைத்துக் குளிரூட்டி வடிகட்டுவதை மலையில் தை மாதத்து ராத்திரி சும்மாவே செய்து தருகிறது. பாட்டில் சில்லென்று இருக்கும்போதே வடிகட்டிவிடுங்கள். அடுப்பருகே வைத்துத் தெளிந்த பிறகு வடித்தால் அது கரைந்து உள்ளேயே தங்கிவிடும், அடுத்த குளிருக்குத் திரும்பவும் படியும்.