கைக்குழந்தைக்கு வீட்டில் நெபுலைசர் வைக்கிறீர்களா? முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகும். போன ஆனியில் என் மகளுக்கு ஐந்து மாதம். இரண்டு நாள் சாதாரணச் சளி. மூன்றாம் நாள் ராத்திரி நெஞ்சில் விசில் சத்தம், இரண்டு மடக்குப் பால் குடித்ததுமே மூச்சு வாங்கி வாயை எடுத்துவிடுகிறாள். பிராங்கியோலைட்டிஸ் என்றார் டாக்டர். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, வீட்டில் சில நாள் சலைன் (சாதாரண உப்பு நீர்) மட்டும் நெபுலைசரில் வைக்கச் சொல்லி அனுப்பினார். கப்பில் ஊற்றும் மருந்தைப் புகைபோல மெல்லிய துளிகளாக்கி, மாஸ்க் வழியாக மூச்சில் கொடுக்கும் மெஷின்தான் நெபுலைசர்.

வீட்டில் அக்கா மகனுக்கு வீசிங்குக்கு வாங்கிய சால்பியூட்டமால் கிடந்தது. அதை வைக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம்மா. அவனுக்கு மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுது, மருந்து அதைத் தளர்த்தும். இவளுக்கு வைரஸால் சின்னக் குழாய்கள் உள்ளே வீங்கி, சளி அடைச்சிருக்கு" என்றார். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2014 வழிகாட்டுதலும் இந்த நோய்க்குச் சால்பியூட்டமால் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. சாதாரண சலைனைவிட உப்பு அதிகமான 3% உப்பு நீரும் ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கும் குழந்தைக்கு டாக்டர் பார்த்து வைப்பது. எழுதிக் கொடுக்காத எதையும் கப்பில் ஊற்றாதீர்கள்.

1. மூக்கு. இந்த வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்திருந்தால் பால் இறங்காது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு சலைன் விட்டு, ஒரு நிமிஷம் கழித்து ரப்பர் பல்பால் மெதுவாக உறிஞ்சுங்கள். பால் கொடுக்கும் முன்னாலும் இதைச் செய்யுங்கள். என் மகளுக்கு நெபுலைசரைவிட இதுதான் அதிகம் உதவியது.

2. மருந்து. பெயரும் தேதியும் பார்த்து, எழுதிய அளவு ஊற்றுங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

3. மாஸ்க். நான் தடுமாறியது இங்கேதான். மாஸ்க்கை வைத்ததும் வீல் என்று கத்தினாள். மனசு கேட்காமல் முகத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தேன். முகத்தில் புகை படுகிறதே, போதும் என்று நினைத்தேன். மறுநாள் கொண்டுபோனபோது நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக் காட்டினார்: புகை முழுக்க என் தோள் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளினாலே நெஞ்சுக்குப் போவது மிகவும் குறைந்துவிடும். அழும்போதும் அப்படித்தான்.

அவர் சொல்லித் தந்த முறை இது. குழந்தையை மடியில் நிமிர்த்தி, முதுகு உங்கள் நெஞ்சில் சாயும்படி வையுங்கள். மாஸ்க்கின் கீழ் விளிம்பை முதலில் தாடையில் பொருத்தி, பிறகு மூக்கின் மேல் படுக்க வையுங்கள். கப் செங்குத்தாக இருக்கட்டும். சரிந்தால் மருந்து அடியில் நின்றுவிடும். கைக்குழந்தை அளவு மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், பெட்டியில் வருவது பல நேரம் பெரிதாக இருக்கும். மெஷின் சத்தத்துக்கு மிரண்டால், முதலில் அதைத் தள்ளி வைத்து ஓடவிட்டுப் பழக்குங்கள். என் மகளுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும் நேரம்தான் சரிப்பட்டது.

4. பத்து நிமிஷத்துக்குள் கப் விட்டு விட்டுச் சீறும். அத்துடன் முடிந்தது. கப்பையும் மாஸ்க்கையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவிடுங்கள். டியூபைக் கழுவ வேண்டாம்.

மெஷினில் நான், காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் வகையின் பக்கம்தான். சத்தம் போடும், ஆனால் உழைக்கும். மருந்தை நுண்ணிய சல்லடை வழியாகத் துளியாக்கும் கையடக்க மெஷ் வகையில் அந்தச் சல்லடை அடைத்துக்கொண்டால் பெரிய தொல்லை.

குளிப்பாட்டி முடித்து அத்தை சாம்பிராணி போட வந்தார். அந்த வாரம் கையைப் பிடித்துத் தடுத்தேன். எந்தப் புகையும் இந்தக் குழாய்களுக்கு ஆகாது. புனலூர் சித்தி தந்த, உச்சந்தலையில் தேய்க்கும் ராஸ்னாதிப் பொடியையும், கற்பூரத் தைலத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். தேனும் ஒரு வயதுக்கு முன் கூடாது.

சேர்த்தது: "நெபுலைசர் என்றால் ஆவி பிடிப்பதுதானே?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை. வெந்நீர் ஆவியைக் கைக்குழந்தைக்குக் காட்டவே காட்டாதீர்கள், வெந்துவிடும்.

இன்னொன்று: ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மா, எப்போது கிளம்புவது என்று கேட்டிருந்தார். குழந்தை அமைதியாக இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, இதைத் தொட்டாலே டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே உள்ளிழுப்பது, முனகுவது, வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகக் குடிப்பது, 12 மணி நேரம் மூத்திரம் போகாதது இருந்தால் உடனே போக வேண்டும். உதடு நீலமானாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த நோய்க்கு மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். ஆரியங்காவிலிருந்து இந்தப் பக்கம் செங்கோட்டை வந்தாலும் அந்தப் பக்கம் புனலூர் போனாலும் மலைப்பாதை. மூன்றாம் நாள் சாயங்காலம் சந்தேகமாக இருந்தால், இருட்டும் முன்பே கிளம்பிவிடுங்கள்.